வுடு

ராணிப்பேட்டை குவார்ட்டர்ஸில் கோர்ட் ஒன்றுதான்.
இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் பதினான்கு பேர்.
தனியாட்டம் கேட்டவனை,
பந்தியில் இரண்டு இலை கேட்டவனைப் போலப் பார்ப்பார்கள்.
அப்படித்தான் நான் இரட்டையர் ஆட்டக்காரன் ஆனேன்.
லட்சியம் கிட்சியம் ஒன்றும் கிடையாது.

பாதி கோர்ட், பாதிப் பரிசு, பாதி ஓட்டல் அறை.
வாலாஜா வங்கியில் வீட்டுக்கடன் கேட்டபோது
மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்:
"டென்னிஸா? டிவியில வருவீங்களா?"
வருவேன் சார்,
பெரிய ஆட்டம் சீக்கிரம் முடிந்து
கேமராவை அணைக்க மறந்துவிட்டால்.

பலகையில் என் பெயருக்கு இடம் போதாது.
முனிரத்தினத்தில் முனி மட்டும் நிற்கும்,
சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்.
சரிதான்,
எல்லையில் நிற்பது முனியின் வேலைதானே.

வலையருகே குனிந்து
முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன்.
ஒன்று என்றால் நிற்பேன்.
இரண்டு என்றால் குறுக்கே பாய்வேன்.
பின்னால் இருப்பவன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.
வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டாய் என்கிறாள் கோமளவல்லி.
விரலைக் காட்டினால் புரியுமா மனுஷிக்கு.

பதினேழு வருஷம், முப்பத்தொரு கூட்டாளிகள்.
தாமிர் வாயே திறக்கமாட்டான்;
தோற்ற அன்று என் பையையும் சேர்த்துச் சுமப்பான்.
இவோ விமான நிலையத்தில் காபி வாங்கித் தந்துவிட்டு
அடுத்த வாரம் வேறொருவனோடு ஆடுகிறேன் என்றான்.
காபி நன்றாக இருந்தது.

எல்லோருக்கும் என்னிடமிருந்து போனது ஒரே ஒரு வார்த்தை.
வெளியே போகும் பந்தைத் தொடாதே என்பதற்கு
அவுட் என்று கத்தினால் நடுவர் முறைப்பார்.
எங்கள் ஊர்ச் சொல் கால் விநாடியில் காதுக்குப் போகும்:
வுடு.
விடு அல்ல, அது பரீட்சையில் எழுதுவது.
வுடு.
உதட்டைக் குவித்து, மூச்சை முன்னால் தள்ளி,
ஆர்க்காட்டு பஸ்ஸில் சண்டையை விலக்குகிறவர் சொல்வது போல.
ராமிரோ, உருகுவேக்காரன், ஆறு வருஷம் என் வலப்பக்கம்.
அவன் வாயில் அது வூதூ.

நான் அடித்த பந்துகளுக்கு எங்கோ கணக்கிருக்கிறது.
அடிக்காமல் விட்டவற்றுக்கு இல்லை.
பாதிப் பிழைப்பு அதில்தான் ஓடியது.

உலக வரிசையில் எண்பத்தெட்டு, ஒரே ஒரு வாரம்.
அந்த வாரம் காட்பாடியில் இறங்கினேன்.
சத்துவாச்சாரிக்கு முந்நூறு கேட்டார் ஆட்டோக்காரர்.

பிறகு தோள்.
வேலூர் ஆஸ்பத்திரியில்,
வங்காளத்திலிருந்து கோப்புகளோடு வந்தவர்கள் நடுவே
டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இனிமே தலைக்கு மேல கையைத் தூக்காதீங்க."
கொடியில் துணி போடலாமா என்றேன்.
கோமளவல்லி கேட்கச் சொல்லியிருந்தாள்.

நேற்று இரவு இரண்டரை மணி.
கரண்ட் போய் வந்திருந்தது. சுவர் இன்னும் சுட்டது.
ஃபோனில் ராமிரோ ஆடிக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் ஒரு புதுப் பையன், கொரியாக்காரன் போல,
நான் நிற்கும் இடத்தில், ஓரடி பின்னால்.
டைபிரேக். எட்டுக்கு எட்டு.
இருவருக்கும் நடுவில் உயரமாக ஒரு பந்து.
வூதூ! என்றான் ராமிரோ.
பையன் மட்டையை இழுத்துக்கொண்டான்.
வர்ணனையாளர் அது என்ன மொழி என்று கேட்டு
ஸ்பானிஷாக இருக்கும் என்று தானே பதிலும் சொன்னார்.

பந்து விழுந்தது கோட்டின் மேல்.
செம்மண் ஒரு சிட்டிகை எழும்பியது.

எழுந்து உட்கார்ந்து கத்தியிருக்கிறேன் போல.
கை வேறு தலைக்கு மேலே தூக்கியபடி.
கோமளவல்லி புரண்டு படுத்து,
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
வுடு.