எடைமேடைக் கிராணியின் இடது காது

சுங்காய் செம்பனை ஆலை வாசலில்
லாரி ஏறும் முன்பே எடை சொல்வேன்.
டயர் பிதுங்கும் விதத்தில் தெரியும்.
"எவ்வளவு அக்கா?" என்பான் குணாளன்.
"பதினாலு டன், சொச்சம்."
திரை பதினாலாயிரத்து இருநூற்று இருபது காட்டும்.
பந்தயத்தில் அவன் எனக்குத் தரவேண்டிய தே தாரிக்
இன்றோடு முப்பத்தொன்று.

என் தலையைத்தான் கணிக்க முடியவில்லை.

முதலில் இடக்காதில் பஞ்சு அடைத்த மாதிரி.
பிறகு பாய்லர் இரைச்சல்,
பாய்லர் அணைந்த ஞாயிற்றுக்கிழமையிலும்.
பிறகு கூரை.
இடமிருந்து வலமாக ஓடும், ஓடி முடியாது,
மறுபடி இடமிருந்து புறப்படும்.

ஒரு மத்தியானம்
கையில் எடைச்சீட்டோடு மேடைமேலேயே விழுந்தேன்.
இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்,
விட்டால் வானத்துக்குள் விழுந்துவிடுவேன் என்று.
பின்னால் ஏழு லாரிகள் ஹாரன் அடித்தன.
திரையில் அறுபது கிலோ என்று வந்ததாம்.
"நல்ல வேளை, நீ குலை இல்ல அக்கா,
பழுக்கலன்னு தள்ளியிருப்பாங்க."

கருவாடு போயிற்று. பெலாச்சான் போயிற்று.
கிச்சாப் போத்தல் பக்கத்து வீட்டு நோர்மாவிடம்.
வெள்ளை மாத்திரை மூன்று வேளை, எட்டு மாதம்.
கட்டிலுக்கடியில் பெயிண்ட் வாளி.
பயந்த சுபாவம் என்றார்கள் ஆபீசில்.
வாளியைக் கேட்டிருக்கலாம்.

ஈப்போவில் டாக்டர் லியோங்
செவிப்பறை வழியாக ஊசி போடலாம் என்றாள்.
"காது குணமாகிவிடுமா?"
"குணமாகாது. உள்ளே இருக்கிற தராசைக் கொல்லும்,
இடப்பக்கம் மட்டும்.
கேட்பதும் கொஞ்சம் போகலாம்.
இங்கே கையெழுத்து."

பேனா பிடித்தபடி
எப்போதோ வந்த கோலாலம்பூர் மெக்கானிக்கை நினைத்தேன்.
மேடைக்கு அடியில் ஆறு லோட் செல்.
நான்காவது, மழை நாளில் பொய் சொல்லும்.
"செத்ததைச் சமாளிக்கலாம்மா,
மத்த அஞ்சை வச்சுக் கணக்கைத் திருத்திக்கும்.
நேரத்துக்கு ஒண்ணு சொல்லுதே,
அதைத்தான் ஒண்ணும் செய்ய முடியாது."
வயரை வெட்டினான்.
கையெழுத்துப் போட்டேன்.

அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுத்தேன்.
பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது.
காதுக்குள் குளிர்ந்த ஏதோ ஒன்று
உட்கார இடம் தேடியது.

மறுவாரம் ஏழெட்டு நாள்
குடிகாரி மாதிரி சுவர் பிடித்து நடந்தேன்.

நாலாம் வாரம் தலையை இரு கையாலும் பிடித்தாள்.
"என் மூக்கைப் பாருங்கள்."
வெடுக்கென்று வலம். கண் மூக்கிலேயே நின்றது.
வெடுக்கென்று இடம். கண் அவள் தோள்வரை சறுக்கி,
தாமதமாக வேலைக்கு வந்தவன் போல
மூக்குக்குத் திரும்பியது.
மறுபடி. மறுபடியும் சறுக்கல்.
அவள் முகம் மலர்ந்தது.

"சறுக்குதே டாக்டர்?"
"சறுக்கணும். ஊசிக்குப் பிறகும் சறுக்காதவங்களுக்குத்தான்
பெரும்பாலும் சுற்றல் திரும்ப வருது."
"எனக்கு?"
"அநேகமா வராது."

அநேகமா.
எத்தனை டன், எவ்வளவு சொச்சம் என்று கேட்கவில்லை.
டயரைப் பார்த்து நான் சொல்வதை
என்றைக்காவது யாராவது கேட்டார்களா?

நாலு மாதம் ஆகிறது. கூரை ஓடவில்லை.
இருட்டில் மட்டும் தரை சந்தேகமாக இருக்கிறது,
கக்கூசுக்கும் டார்ச்சோடு போகிறேன்.
குணாளன் இடப்பக்கமிருந்து பந்தயம் கூப்பிட்டால்
எனக்குக் கேட்பதில்லை;
கடன் தீர்க்காமல் தப்பிக்க
அவனுக்கு அது வசதி.

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.
கட்டிலுக்கடியில்தான்.