இருபத்தொன்று, பதினான்கு, ஏழு

இடது தோளில் தோல்நிறத்தில் ஒரு சதுரம்.
இருபத்தொரு மில்லிகிராம்.
ஆறு வாரம் போனால் பதினான்கு,
அப்புறம் ஏழு, அப்புறம் ஒன்றுமில்லை
என்றார் பரேல் டாக்டர்.
ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம்
இதைவிடத் தெளிவாக யாரும் பேசியதில்லை.

கூடவே ஒரு அட்டை சூயிங்கம்.
மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாதாம்.
நாலு கடி, நாக்கில் மிளகுக் காரம் ஏறியதும்
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில்
நிறுத்தி வைக்க வேண்டுமாம்.
மும்பையில் எனக்குக் கிடைத்த
முதல் இலவச பார்க்கிங்.

ஒன்பதாம் நாள் பேட்சைக் கழற்றாமல் தூங்கிவிட்டேன்.
கனவில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து புகைத்தேன்.
சாம்பல் தட்டத் தட்ட
கட்டடம் வளர்ந்துகொண்டே போனது.
விழித்ததும் விரலை மோந்து பார்த்தேன்:
கிரீஸ், கொஞ்சம் வெங்காயம்.
"யார்கிட்ட தீப்பெட்டி கேட்டீங்க?"
இருட்டில் செண்பகவல்லியின் குரல்.

ஹெல்பர் தத்தாராமுக்கும் எனக்கும்
பதினோரு வருடமாக
சாயாவும் கட்டிங், சிகரெட்டும் கட்டிங்.
முதல் பாதி எனக்கு, ஈரமான பாதி அவனுக்கு.
இப்போது பான்கடையில் அவன்
முழுசாக ஒன்று வாங்கி
முழுசாக இழுக்கிறான்.
நான் விட்டது அவன் நெஞ்சுக்குள் போகிறது.
இதை டாக்டரிடம் கேட்கத் தெரியவில்லை எனக்கு.

இருபத்துமூன்றாம் நாள், வடாலா.
பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி.
பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி,
இஞ்ச் இஞ்ச்சாக இறக்கினோம்.
அவள் கதவைத் தாண்டி நடந்து போனதும்
தத்தாராம் நீட்டினான். வாங்கிவிட்டேன்.
தோளில் ஒன்று, உதட்டில் ஒன்று.
தலை சுற்றி மெஷின் ரூம் படியில் உட்கார்ந்தேன்.

நடுவில் நின்றதென்று
எந்த லிஃப்டையும் நான் கைவிட்டதில்லை.
அன்று சாயங்காலம்
இதைச் சொல்லிக்கொண்டேதான்
பாக்கெட்டில் சூயிங்கம் தேடினேன்.

நேற்றிலிருந்து பதினான்கு.
சட்டை மாற்றும்போது சதுரம் சின்னதாக இருப்பதை
தத்தாராம் பார்த்துவிட்டான்.
ஸ்பேனரைத் துடைத்தான், திரும்பவும் துடைத்தான்.
"எவ்வளவு, அது?"
சொன்னேன்.
வாய்க்குள் கணக்குப் போட்டான். பிறகு,
"இதையும் கட்டிங் போடலாமா?"

வெட்டக் கூடாது என்று
அட்டையிலேயே எழுதியிருக்கிறது.
கன்னத்தில் நிறுத்தியிருந்ததை
இன்னொரு முறை கடித்துக்கொண்டேன்,
பதில் சொல்வதற்கு முன்னால்.