காத்திருப்பு அதிகமுள்ளது

டோல்கேட் மெட்ரோ படிக்கட்டுக்கு எதிரே
மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் என் கடை.
கரண்ட் பில், ஆதார் திருத்தம், ஜெராக்ஸ்,
பிளேன் டிக்கெட்.
நான் பிளேன் ஏறியதில்லை.
எந்த ஊரில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
அசையாமல் கிடந்த மத்தியானம்
லோகேன் மொரான் வந்தான்.
மணலி யார்டில் பெட்டி எண்ணுகிறவன்,
விரல் நுனியெல்லாம் சாக்பீஸ்.
'அக்கா, தூத்துக்குடிலேர்ந்து திப்ருகட்
எவ்ளோ தூரம்?'

அடித்துப் பார்த்தேன்.
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் மூன்றரை மணி.
அடியில் பொடி எழுத்தில்:
இந்தத் தடத்தில் நேரடி விமானம் இல்லை.

அப்படியானால் அந்த மூன்றரை மணி யாருக்கு?
உப்பளத்தில் கிளம்பி
எங்கும் உட்காராமல்
தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்குகிற
ஏதாவது ஒரு காக்காவுக்கு.

திரையில் கோடு வளைந்து போனது.
சென்னையைத் தொடவேயில்லை.
காசிமேட்டு லாஞ்சுகள் வலை இறக்கும் தண்ணீரையும் தாண்டி
கிழக்கே, வெறுங்கடல் மேல்.
லோகேன் ஒரு விரலைக் கோட்டில் வைத்தான்,
இன்னொன்றை மணலியில்.
நடுவில் அரை விரற்கடை.

போகிறவள் ரூப்ஜோதி, அவன் மனைவி.
இறால் கம்பெனியில்
ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போகிற வேலை.
தீபாவளிக்கு மூன்று நாள் இருவரும் சேர்ந்திருந்தார்கள்.
இப்போது சித்திரை.
நான் கேட்கவில்லை,
அவனே விரல் மடக்கிக் கணக்குக் காட்டினான்.

தூத்துக்குடி, சென்னை, கொல்கத்தா, திப்ருகட்.
பழக்கதோஷத்தில் 'குறைந்த நேரம்' அழுத்தினேன்.
சென்னையில் ஐம்பது நிமிஷம்தான்,
வாயும் வயிறுமா இருக்கிறவள் ஓட வேண்டாம்,
அடுத்ததைப் பார்ப்போம் என்றேன்.

'திருப்பிப் போடுக்கா.
சென்னையில ரொம்ப நேரம் நிக்கறது எது?'

ஒன்பது வருஷத்தில்
அந்தப் பொத்தானை யாரும் கேட்டதில்லை.
பத்து நிமிஷம் கூடினால் என் வீட்டாரையே இழுத்துப் பேசுகிற
சனங்கள்தான் எல்லாம்.

சாயங்காலம் நாலு பத்துக்கு இறக்கம்,
விடியற்காலை ஐந்தே காலுக்கு ஏற்றம்.
பதிமூன்று மணி ஐந்து நிமிஷம்.
எவனும் சீந்தாததால் அறுநூறு ரூபாய் மலிவு.

'ரூம்ல ஒன்பது பேருக்கா.
மீதி எட்டு பேரும் அன்னிக்கு
நைட் ஷிப்ட் மாத்திக்கறாங்க.'
சொல்லிவிட்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன்.
வெளியே வர அரை மணி.
மெட்ரோ ஒரு மணி.
மணலிக்கு ஆட்டோ அரை மணி, லாரி வழிவிட்டால்.
திரும்ப டாக்ஸியில் ஒரு மணி பத்து.
இரண்டு மணி முன்னால் உள்ளே இருக்கணும்.
மிச்சம் ஏழு மணி ஐம்பத்தைந்து நிமிஷம்.

'எட்டு,' என்றான் லோகேன்.
எட்டில்லை, ஐந்து நிமிஷம் குறைச்சல்.
'நான் ஆட்டோவுல வேகமா போகச் சொல்றேன்.'
வேகமாப் போகாதே, அவளை வைத்துக்கொண்டு.
தலையாட்டினான்.

டிக்கெட்டோடு ஒரு ஜெராக்ஸும் கேட்டான்,
ரூம் கதவில் ஒட்ட.
தேதியைச் சுற்றி என் பேனாவால் வட்டம் போட்டான்.
இரண்டு ரூபாய்.

அடுத்து வந்தவர் மதுரைக்கு அவசரம் என்றார்.
பொத்தானைத் திருப்ப மறந்து
அவருக்கும் முதலில்
இருபத்தொரு மணி நேரம் காட்டினேன்.
திட்டினார்.
அவர் படித்த எண்கள் மேல் சாக்பீஸ் பொடி இருந்தது.