வலது கால் செருப்பு

கொம்தாரில் இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான்
பின்னாலிருந்து அந்தச் சீனக் கிழவரின் குரல்:
"தங்காச்சி! செலிப்பார்!"
பேருந்துப் படியில் கிடந்தது என் செருப்பு.
கழன்றதைக் கால் எனக்குச் சொல்லவில்லை.
தார் சுட்டதையும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பே நுரை.
தொழிற்சாலைக் கழிவறையில்
எத்தனை தண்ணீர் விட்டாலும் போகாத நுரை.
சோப்பை அலசாமல் விட்டாள் என்று
துப்புரவு செய்யும் நேபாளப் பெண்மேல் பழி போட்டேன்.
அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

டாக்டர் ஃபௌசியா தாளில் ஒரு சிறுநீரகம் வரைந்தார்.
வெகுதூரம் தள்ளி ஒரு கால்.
இரண்டையும் இணைத்துக் கோடு போடுவார் என்று பார்த்தேன்.
போடவில்லை.
இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரி
பொடிப்பொடியாக வலை பின்னினார்.
இங்கே வடிகட்ட, அங்கே நரம்புக்குச் சோறூட்ட,
மயிரைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள்.
உன்னைக் காக்க வேண்டியதே
அவற்றை அந்நியம் என்று அடிக்கிறது.
அவர் மலாயில்தான் சொன்னார்.
எனக்குள் தமிழில் விழுந்தது.

கவிழ்ந்து படுத்தேன், வயிற்றுக்கடியில் சுருட்டிய போர்வை.
மூச்சைப் பிடி என்றார்கள், பிடித்தேன்.
ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம்,
என் முதுகுக்குள்ளிருந்து.
மறுநாள் வேறு கட்டடம், வேறு கட்டில்,
கணுக்காலில் மின்சாரம்.
இடது காலுக்குத் திரையில் ஒரு மலை எழுந்தது.
வலது காலுக்கு
காற்றில்லாத நாளின் கடல்.

பாயான் லெப்பாஸில் பதினாறு வருஷமாக
நுண்ணோக்கியின் கீழ் சில்லு பார்க்கிறவள் நான்.
கால் வளைந்ததும் கீறல் விழுந்ததும்
ரிஜெக்ட் தட்டுக்கு.
ஒரு சீனப் புத்தாண்டுக்கு முந்தின ஓவர்டைமில்,
கண் சொக்கி,
நாற்பத்தொரு தட்டு நல்ல சில்லைத் தள்ளிவிட்டேன்.
சூப்பர்வைசர் ரோஸ்னி திட்டவில்லை.
முகம் கழுவிட்டு வா என்றாள்.

அதனால் என் ரத்தத்தின்மேல் கோபம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.
நானாவது காலை ஏழு மணிக்கு
ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன்.

மாத்திரைகள் முகத்தை உப்பவைத்தன.
விடியற்காலை மூன்று மணிக்கு ரொட்டி சானாய்ப் பசி.
நுரை குறைந்தது.
கிரியேட்டினின் இறங்கியதற்கு நர்ஸ் நோராய்னி கைதட்டினாள்.
கால் மட்டும்
வெள்ளத்தில் நடப்பவளுடையது போல
முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது.

நரம்பு திரும்ப வளரும், வளர்ந்தால்,
நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
தையல் டேப்பால் அளந்தேன்,
முட்டிக்குக் கீழிருந்து பெருவிரல் வரை: நானூற்றுப் பத்து.
மைக்ரானில் பிழைப்பு நடத்தியவளுக்கு
மில்லிமீட்டர் தாராளம் என்று சொல்லிக்கொண்டேன்.
இரவில் அப்படித் தோன்றவில்லை.

சௌராஸ்தாவில் பின்வார் வைத்த செருப்பு
முப்பத்திரண்டு வெள்ளி.
கழலாது. கழன்றால் தெரிய வேண்டியதில்லை.

நேற்றுப் படுக்கையில்
பெருவிரலை நிமிரச் சொன்னேன்.
நிமிரவில்லை.
ஆனால் போர்வை ஒரு நூலளவு அசைந்தது.
காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது,
அதனாலும் இருக்கலாம்.
எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து
மறுபடி சொன்னேன்.