மிதம்

யூலாந்தில் இன்னும் விடியவில்லை.
டோர்தே கூடத்துக் கதவைத் திறந்ததும்
குட்டைப் பன்றிகள் பதினொன்றும் எழுந்து வருகின்றன,
பையில் ஆப்பிள் இருக்குமென்று.

ஆறு வாரம் பழக்கியிருக்கிறாள்.
முதலில் வைக்கோலில் சும்மா உட்கார்ந்தாள்.
பிறகு விரல்.
பிறகு காதடியில் சொறிந்துவிடுதல்.
ஊசியைக் கண்டாலும் ஓடக் கூடாது;
பயந்த ரத்தம் கணக்கைக் கெடுக்கும்.
அன்பும் வேலைப்பட்டியலில் ஒரு வரி.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள்.
இங்கே கழுத்தை யாரும் அறுப்பதில்லை.
மயக்கம் கொடுத்து, மெதுவாக,
கையொப்பங்கள் மூன்றுடன்.

துன்பம் லேசானதா, மிதமா, கடுமையா
என்கிறது படிவம்.
அவள் பேனா மிதத்தின்மேல்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
அதையே குறிக்கிறது.

வீட்டில் வில்லாட்ஸ்
வலிப்பு மாத்திரையைத் தயிரில் ஒளித்துத் தந்தால்தான்
விழுங்குவான்.
அம்மா ஊட்டுவதால் ஆவென்று வாய் திறப்பான்.
அந்த மாத்திரையும் எங்கோ ஒரு கூடத்தைக்
கடந்து வந்ததுதான்.
அங்கேயும் யாரோ காது சொறிந்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு ஏழாம் எண்ணைக் கேட்டிருக்கிறார்கள்.
அது ஆப்பிளை விட்டுவிட்டு
அவள் மடியில் தாடை வைத்துத் தூங்குகிறது.
மணி எட்டே கால்.
டோர்தேயின் கால் மரத்துப்போயிருக்கிறது.
நடைவழியில் தள்ளுவண்டியின் சத்தம்.