தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்
டயர்க் கடை மாடியில் கூடினோம்,
பதினேழு மீட்டர்கள்.
ஆட்கள் இருபதுக்கு மேல் வந்திருந்தார்கள்.
விதிப்படி மீட்டருக்குத்தான் ஓட்டு.

கரண்டை இனி விரும்பியவரிடம் வாங்கலாம்,
ஒன்பது மாதம், சோதனைக்கு.
தனியாக வந்து நின்றால் விற்க மாட்டார்கள்.
மாதம் நாற்பதாயிரம் யூனிட்
சேர்த்துக்கொண்டு வா என்கிறது ஏழாம் விதி.

"கூட்டு பிடிக்கிற மாதிரியா?"
டோபிக் கடை தவச்செல்வி கேட்டாள்.
"மொதக் கூட்டு யாருக்கு?"
யாருக்கும் இல்லை,
எல்லாருக்கும் ஒரே நாளில் என்றேன்.
"அப்புறம் என்னா கூட்டு லா இது"
என்று காப்பி-ஓவை உறிஞ்சினாள்.

கணக்குக்கு என்னைப் பிடித்தார்கள்.
ஐந்தாம் படிவத்தில் கணக்கில் தோற்றவன் நான்,
சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

விற்பவன் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதில்லை,
எப்போது என்றும் பார்க்கிறான்.
மேடு பள்ளம் இல்லாத கோட்டுக்குச் சென் குறையும்.
கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தேன்:
ஐஸ் அறைக்கும் ஆ கியோங்குக்கும் அந்தியில் பசி.
விறகை விட்டு மின்னடுப்புக்கு மாறிய மீரான் கனி
பெங்காலி ரொட்டியை உள்ளே தள்ளுவது
விடியற்காலை இரண்டு மணிக்கு.
தையல்காரி ஹஸானாவின் ஊசிகள் பத்திலிருந்து ஐந்து.
ஒரே ஐந்தடிச் சந்தில் பதினோரு வருடம்
முகம் பாராமல் கடை திறந்து மூடியவர்கள்
என் தாளில் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

அப்படியும் முந்நூற்றுப் பத்து குறைந்தது.

ஒரே துணைமின் நிலையத்தின் கீழ்
இருப்பவர் மட்டுமே சேரலாம், மூன்றாம் விதி.
எதிர் அடுக்குமாடியில் கதவு கதவாகத் தட்டினோம்.
ஒன்பதாம் மாடியில் வைரப்பன்,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
மூக்கில் குழாயோடு கையெழுத்துப் போட்டார்.
கட்டிலுக்குக் கீழே பிராணவாயு மெஷின்
ஒரு கிழட்டுப் பூனைபோல் உறுமிக்கொண்டிருந்தது.
"ஒரு நிமிசமும் அணைக்காத ஆள் வேணும்னா
இந்த வட்டாரத்துல நான் ஒருத்தன்தான் தம்பி."

கூட்டு நிறைந்தது.
கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு,
ஒல்லியாக, நேராக,
பகல் இரவு தெரியாமல்.

முதல் மாதம் தவச்செல்விக்கு மிச்சம்
ஒன்பது வெள்ளி நாற்பது.
ஐஸ்காரருக்கு நூற்றுச் சொச்சம்.
வைரப்பனுக்கு இரண்டு வெள்ளி கூட வரவில்லை.
போனில் அழைத்துச் சொன்னேன்.
"பரவால்ல, மீ கோரெங்ல பாதி" என்றார்.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய், மழை.
அரை மணிக்கு ஒரு எண் வரும் எனக்கு.
நாலரைக்கு வந்த எண்ணில்
அடிக்கோடு இல்லை.
ஐந்துக்கும் இல்லை.
மீட்டர் கோளாறு, உடனே பார்க்கவும் என்று
புகார் எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.
இதைக் கோமளவதியிடம் நான் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கழித்து அவளே
படிவத்தோடு வந்தாள்.
விலகுபவர் தொண்ணூறு நாள் முன்பே
எழுத்தில் அறிவிக்க வேண்டும்.
காரணம்: விலை, இடமாற்றம்,
வேறு விற்பனையாளர்.
"அப்பாவுக்கு எதுல டிக் போடறது அண்ணே?"
பேனாவைக் கேட்டு வாங்கினேன்.
ரொம்ப நேரம் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.
மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்,
சக்கரம் ஒன்று போன மாதமே உடைந்திருந்ததாம்.

நாற்பதாயிரத்துக்குக் கீழே போனால்
கூட்டு கலையும். எல்லாருக்கும் தெரியும்.
யாரும் கூட்டம் போடச் சொல்லவில்லை.
ஆனால் மீரான் கனி ரொட்டிக் கூடத்தில்
பழைய குளிர்பெட்டி ஒன்றைச் செருகியிருக்கிறார்.
தவச்செல்வி கடைசித் துவைப்பை
நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டாள்.
ஹஸானாவின் கடையில் ஊசிகள் ஓய்ந்த பின்னும்
ஒரு காற்றாடி சுற்றுகிறது.
வீண்தான். சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இந்த மாதம் நாற்பதாயிரத்துப் பதினொன்று.
அடிக்கோடு மட்டும் நேராக இல்லை,
பல பேர் பிடித்த கயிறுபோல் நெளிகிறது.

புகாருக்கு நேற்றுதான் பதில் வந்தது.
மீட்டர் பரிசோதிக்கப்பட்டது.
கோளாறு எதுவும் இல்லை.