கோழி வைத்த பரீட்சை

அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தின் மாடி.
கீழே யாருக்கோ வளைகாப்பு.
மேலே நாங்கள் பன்னிரண்டு பேர்,
ஆளுக்கொரு நாமக்கல் கோழி.

நாய்ப் பயிற்சி படிக்கத்தான் பணம் கட்டியிருந்தேன்.
பத்தொன்பது வருடத் தொழில்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள்,
கன்னங்குறிச்சி பங்களாக்கள், மலைமேல் எஸ்டேட்டுகள்,
எங்கே கேட்டாலும் சொல்வார்கள், சங்கிலி சவரி என்று.
என்னிடம் கொண்டுவந்து கோழியா?

சுகிர்தா மேடம் என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர்.
சொன்னது இவ்வளவுதான்:
"சிவப்பு வட்டத்தைக் கொத்தணும், நீலத்தைக் கூடாது.
தொடக்கூடாது, அதட்டக்கூடாது.
நாய் உங்களை மன்னிச்சிடும். கோழி மன்னிக்காது."

கையில் ஒரு சின்னப் பெட்டி, அழுத்தினால் டக்.
டக் என்றால் கம்பு, ஒரு சிட்டிகை, அந்த நொடியே.
என் முதல் டக் தாமதம்.
கொத்திவிட்டுத் தலையைத் தூக்கியிருந்தது கோழி.
தலையைத் தூக்கினால் கம்பு என்று படித்துக்கொண்டு
தூக்கிக்கொண்டே நின்றது,
நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துகொண்டு.
பழக்கதோஷத்தில் "ஏய்" என்றேன்.
மேசையிலிருந்து குதித்து, படியிறங்கி,
வளைகாப்புப் பந்திக்குள் போய்விட்டது.

மறுநாள் பழைய வீடியோக்கள்.
நான் பெருமையோடு கொடுத்தது சிப்பாயுடையது.
நாகலூர் எஸ்டேட்டுக்கு
மூன்றே வாரத்தில் முடித்துக்கொடுத்த கோம்பை.
படு என்றால் படுக்கும். மழையிலும் எழாது.

மேடம் சத்தத்தை அணைத்தார்.
வேகத்தைக் கால்வாசி ஆக்கினார்.
என் குரல் இல்லாமல் என் வேலையை
அன்றுதான் பார்த்தேன்.

உதட்டை நக்குகிறது.
கொட்டாவி விடுகிறது, தூக்கமே இல்லாமல்.
கண்ணோரம் வெள்ளை, பிறை மாதிரி.
முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் நிற்கிறது,
சங்கிலி இறுகும் முன்பே,
என் தோள் அசையும்போதே.
"இதுக்கு என்ன சர்ட்டிஃபிகேட் கொடுத்தீங்க?"
அடக்கம்: நன்று.
மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கார்ட்டிசால் என்ற சொல்லை
நோட்டில் மூன்று விதமாக எழுதினேன், மூன்றும் தப்பு.
ஆனால் ஒன்று பிடிபட்டது.
அடி வேலை செய்யாது என்று அவர் சொல்லவில்லை.
செய்யும், ஆபத்தே அதுதான் என்றார்.
சுண்டுகிறோம், நாய் அந்தக் கணமே நிற்கிறது.
நிற்பதுதான் கைக்குக் கிடைக்கும் தீனி.
கை மறுபடி சுண்டுகிறது.
பத்தொன்பது வருடமாக
என் கைக்கு யார் டக் அடித்துக்கொண்டிருந்தது
என்று அப்போது விளங்கியது.

போன ஆடியில் சிப்பாய்
ரைட்டர் பெரியண்ணனைக் கடித்துவிட்டது.
உறுமவில்லையாம். நேராகப் பல்.
உறுமாது.
உறுமலை ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்தவன் நான்.

வாரம் இரண்டு முறை ஏறுகிறேன்,
இருபது கொண்டை ஊசி, டிபன் பாக்ஸில் அவித்த ஈரல்.
சில்வர் ஓக் அடியில் பக்கவாட்டில் உட்கார்ந்து,
தோள் அசையாமல் ஒரு துண்டை வீசுவேன்.
அட்டை ஏறினாலும் தட்டிவிட யோசனை,
கையைத் தூக்க வேண்டுமே.
முதலாளி ஜீப்பை நிறுத்திக் கேட்டார்,
பொங்கலுக்குள்ளே சரியாயிடுமா?
தெரியாதுங்க என்றேன்.
இந்தத் தொழிலில் முதல்முறையாகச் சொன்ன வார்த்தை.
வாய்க்குள் புதுப் பல் மாதிரி இருந்தது.

நோட்டில் இன்றைய கணக்கு:
பனி. தூரம் பதினேழு அடி.
மூன்று துண்டு தின்றது, நாலாவதை முகர்ந்து விட்டுவிட்டது.
இரண்டு விநாடி என்னைப் பார்த்தது.
நான் எழும்போது, ஒரே ஒரு தரம்,
அடித்தொண்டையில், உறுமியது.

அதற்கு நேரே எழுதினேன்:
நன்று.